மேஸ்திரியின் தொண்டை

குட்டிக்கு இருபத்தாறு வயது. ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள். "சத்தம் போடாதீர்கள்" என்று எழுதி மாட்டிய பலகைக்கு நேர் கீழே அவள் நாற்காலி. அந்த வேலையை அவள் விரும்பிப் பிடித்தாளா, அங்கே போய் ஒளிந்துகொண்டாளா என்று கேட்டால் இரண்டாவதுதான் சரி. ஏனென்றால் அவள் அப்பா பேசமாட்டார், பாடுவார்.

பாடுவார் என்றால் பாட்டுப் பாடுவார் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டாக இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியலாமே. அவர் பாடியது "உப்பு எங்கே" என்பதை. நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையை வயிற்றில் வைத்து, இன்னொரு கையைக் கூரையை நோக்கி நீட்டி, "உப்பூஊஊ... எங்கேஏஏஏ" என்று இழுப்பார். கடைசி எழுத்தை மேலே தூக்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நடுங்கவைத்து, பிறகு போனால் போகிறது என்று இறக்குவார். ஓபரா மேடையில் பாடுகிறவர்கள் செய்வார்களே, அச்சு அசல் அப்படி. அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "கண்ணு முன்னாடிதான் இருக்கு, எடுத்துக்குங்க" என்பாள். கல்யாணமான புதிதில் அம்மா என்ன சொன்னாளோ தெரியாது. முப்பது வருஷத்தில் மனுஷருக்கு எதுவும் பழகிவிடும்.

குட்டிக்குத்தான் பழகவில்லை.

அவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேஸ்திரி. நாலு ஆஸ்பத்திரி, ஒரு டஜன் ஓட்டல், எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கே வந்துதான் வெளுத்துப் போகும். குட்டி பிறப்பதற்கும் முன்னால் ஒரு நாடக அரங்கின் திரைச்சீலைகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். ரசீதில் கையெழுத்து வாங்க மேடைக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றபோது, முன்னால் ஒரு பருத்த மனிதர் ஓபரா பாடிப் பழகிக்கொண்டிருந்தார். மைக் கிடையாது. கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் குரல் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து மேஸ்திரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலை ரசனை ஒன்றும் இல்லை, எல்லாம் தொழில் புத்திதான். மிஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தி வாரத்தில் இரண்டு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மறுநாளே அந்த மனிதரைப் போல நின்று, வயிற்றைப் பிடித்து, இழுத்துப் பார்த்தார். கத்தின சொல்லை மிஷின் விழுங்கிவிடுகிறது, இழுத்துப் பாடின சொல்லை விழுங்க முடியவில்லை! அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் பேச்சு ஒழிந்து பாட்டாயிற்று. மற்றவர்கள் வேலை முடிந்ததும் பாட்டை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மேஸ்திரியின் பாட்டு மட்டும் அவரோடு வீட்டுக்கும் வந்தது, கடைக்கும் வந்தது, குட்டியின் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது.

அப்போது அவள் ஆறாம் வகுப்பு. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிற நாள். வகுப்பாசிரியை முன்னால் நின்று அப்பா கையை நீட்டி, "எம் பொண்ணூஊஊ எப்படிப் படிக்கிறாஆஆஆ" என்று கேட்டார். மூன்று வகுப்பறைகள் ஜன்னலுக்கு வந்து எட்டிப்பார்த்தன. அந்த வருஷம் முழுக்க யார் அவளிடம் பேனா கேட்டாலும் அந்த ராகத்தில்தான் கேட்டார்கள். அடுத்த வருஷம் அவள் அப்பாவிடம் தேதியை மாற்றிச் சொன்னாள். அவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் போய் நின்று, பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, நீங்க மத்தவங்க மாதிரி பேசவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் அழுதுகொண்டே கேட்டாள்.

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன் குட்டீஈஈ" என்றார் அவர், சந்தோஷமாக. வேண்டுமென்றே செய்கிறார், தன்னைப் படுத்துவதில் அவருக்கு ஒரு குஷி என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்து வந்தே பழக்கமானவர். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கிற கடை வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாது. தட்டில் கரண்டி பட்டுவிட்டால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவருடைய அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, தெருவுக்கே டீச்சரம்மா. நாற்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தினதில்லையாம். ஒரு பார்வை பார்த்தால் போதுமாம்.

அந்த வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்த அன்று டீச்சரம்மா சொன்னார்: "அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா. அடுத்த மாசம் நாங்க நேர்ல வர்றதுக்கு முன்னாடி நானே ஒரு வார்த்தை பேசிடறேன். அதுதானே மரியாதை?"

குட்டி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஹலோஓஓஓ... யாரூஊஊ..." என்று அப்பாவின் குரல் இந்த வீட்டுக்குள் புகுந்து, அலமாரிக் கண்ணாடிகளை அதிரவைப்பது அவள் காதில் இப்போதே கேட்டது.

"அப்பாவால பேச முடியாது அத்தை."

"வேலையில இருப்பாரா? சரி, சாயங்காலம் போடறேன்."

"இல்ல அத்தை. அவரால... பேசவே முடியாது."

மேஜையைச் சுற்றி எல்லாக் கரண்டியும் நின்றது. கண்ணாடிக்காரர், "நீ சொல்லவே இல்லையே" என்றார். டீச்சரம்மா மெதுவாக, "பிறவியிலேயாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. நடுவுல. தொண்டையில ஒரு ஆபரேஷன்."

டீச்சரம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனையும் மனசுல வெச்சுக்கிட்டா இப்படிச் சிரிச்ச முகமா இருக்கே?" என்றார். குட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொன்னது பச்சைப் பொய், வந்தது நிஜமான கண்ணீர். நேரில் வரும்போது அப்பாவை எப்படியாவது வாயைத் திறக்காமல் உட்காரவைத்துவிடலாம், எப்படி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அதிசயம் பாருங்கள், அவள் ஒன்றும் செய்யாமலே அது நடந்தது. அந்த வாரமே அப்பா வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பாடும் "போயிட்டு வர்றேஏஏன்" இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

"உங்கப்பாவுக்கு என்னடி ஆச்சு? வீடு வீடாவே இல்ல" என்றாள் அம்மா. "கேட்டா சிரிக்கிறாரு, பதில் சொல்ல மாட்டேங்கிறாரு."

"தொண்டை கட்டியிருக்கும்மா. விடும்மா" என்றாள் குட்டி. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? பெற்ற அப்பா நாலு நாளாகப் பேசவில்லை, மகள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை நூலகம் அரை நாள்தான். மத்தியானம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் டீச்சரம்மா வந்து நின்றார். கையில் துணி சுற்றின ஒரு பாட்டில்.

"இஞ்சியும் தேனும் போட்டுக் காய்ச்சினது. தொண்டைக்கு ரொம்ப நல்லது. சூடா இருக்கும்போதே குடிக்கணும். அப்பா வேலை பாக்குற இடம் இங்கேருந்து மூணு ஸ்டாப்புதானே? வா, நாமளே குடுத்துட்டு வந்துடலாம்."

"அங்க வெளியாளுங்களை உள்ள விட மாட்டாங்க அத்தை."

"வாசல்ல நின்னு குடுப்போம்."

"ஒரே ஈரமா இருக்கும். நீங்க வழுக்கி விழுந்துட்டா?"

"நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக் குழாயடியில நடந்தவ நான். வாம்மா."

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் குட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழியில் பஸ் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பஸ் என்றைக்கும் இல்லாத வேகத்தில் போனது. அப்போதுதான் டீச்சரம்மா சாவகாசமாகச் சொன்னார்.

"நான் ஏற்கெனவே உங்கப்பாவைப் பாத்துட்டேன் தெரியுமா? அன்னிக்கு நீ போன்ல போட்டோ காட்டினியே, அதே முகம். திங்கக்கிழமை மருந்துக் கடையில நின்னுக்கிட்டிருந்தார். நானே போய், 'நான்தாங்க உங்க சம்பந்தி ஆகப் போறவ. உங்களுக்குப் பேச்சு வராதுன்னு பொண்ணு சொல்லிச்சு, சிரமப்படாதீங்க'ன்னு சொன்னேன். அவர் காதுகிட்ட கையை வெச்சுக் கேட்டுட்டு வாயைத் திறந்தார். பாவம், ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் மூடிக்கிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். என்ன மரியாதை, என்ன மரியாதை!"

குட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை. அப்பா வீட்டில் பேச்சை நிறுத்தினது திங்கட்கிழமை. அவருக்குத் தெரியும். ஐந்து நாளாகத் தெரிந்துகொண்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சலவைக்கூடத்தின் வாசலில் காவலாள் யாரும் இல்லை. பெரிய இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரே நீராவி. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் வந்து இடித்தது. அந்தச் சத்தத்தின் மேலே, மிதக்கிற மாதிரி, ஒரு பெண் குரல் வந்தது.

"மூணாம் மிஷினூஊஊ முடிஞ்சாச்சூஊஊஊ..."

டீச்சரம்மா குட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா பாடறது?" என்று காதுக்குள் கத்தினார். நாற்பது வருஷத்தில் அவர் கத்தினது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அங்கே ஒரு முறை இருந்தது. துவைக்கிற கோடியிலிருந்து சேதி வந்தால் நடுவில் பலகைமேல் நிற்கிற மேஸ்திரி அதை வாங்கி, என்ன செய்ய வேண்டும் என்று இஸ்திரி உருளைப் பக்கம் பாடுவார். உருளைக்காரர்கள் அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். அதைக் கேட்டு மடிக்கிறவர்கள் பாட வேண்டும், அவர்களைக் கேட்டு லாரி வாசலில் நிற்கிறவர்கள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. திரும்பி வராவிட்டால் சேதி போகவில்லை என்று அர்த்தம்.

மேஸ்திரி பலகைமேல் நின்றுகொண்டிருந்தார். மூச்சை இழுத்து, வயிற்றில் கையை வைத்து, வாயைத் திறந்தவர், வாசலில் மகளையும் டீச்சரம்மாவையும் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

துவைக்கிற பெண் குரலை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி, "மூணாஆஆம் மிஷினூஊஊ" என்றாள். மேஸ்திரி மூன்று விரலைக் காட்டினார். உருளைப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். உருளைக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். மேஸ்திரியின் வாய்க்குத்தான் அவர்கள் பழக்கம், கைக்கு இல்லை. மூணாம் மிஷின் துணி வருகிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று பாட்டு எதுவும் வராததால் அவர்கள் பாட்டுக்கு விரிப்பை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஈரத் துணி வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்து முட்டின. ஒரு விரிப்பு கோணலாக ஏறி உருளையைச் சுற்றிக்கொண்டது, அதன்மேல் இன்னொன்று.

"மேஸ்திரிக்கூஊஊ என்னாஆஆச்சூஊஊ" என்று துவைக்கிற பெண் கேட்டாள். முறைப்படி உருளைக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடினார்கள். மடிக்கிறவர்களும் பாடினார்கள். லாரி வாசலிலிருந்தும் "என்னாஆஆச்சூஊஊ" வந்தது.

மேஸ்திரி பலகையிலிருந்து குதித்து உருளையை நோக்கி ஓடினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு, ஈரத் தரை. கால் வழுக்கி, தடாலென்று உட்கார்ந்தார். தொப்பி ஒரு பக்கம் போயிற்று. யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் ஓடிப்போய் உருளையை நிறுத்தினார்.

"ஐயோ, சம்பந்தி!" என்றார் டீச்சரம்மா.

தரையில் உட்கார்ந்தபடியே அவர் முதலில் பார்த்தது மகளைத்தான். அடிபட்ட இடத்தைத் தடவவில்லை, தொப்பியைத் தேடவில்லை. மகளைப் பார்த்து, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டிச் சிரித்தார். பயப்படாதே, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"பேசுங்கப்பா!" என்று கத்தினாள். மிஷின்கள் விழுங்கிவிட்டன. "அப்பா, பேசுங்க! அவங்களுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்!" அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற டீச்சரம்மாவுக்கே கேட்கவில்லை.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. இருபத்தாறு வருஷம் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது, எவ்வளவு பொத்தினாலும் உள்ளே இறங்கி இருக்கத்தான் செய்தது. உடம்பெல்லாம் கூசியது. முகம் கொதித்தது. குட்டி பையைக் கீழே போட்டாள், காலை அகட்டி நின்றாள், ஒரு கையை வயிற்றில் வைத்தாள்.

"அப்பாஆஆஆ... பேசுங்கப்பாஆஆஆ... பேச முடியாதுன்னூஊஊ பொய் சொன்னதூஊஊ... நாஆஆஆஆன்!"

கடைசி எழுத்து, அவள் கேட்காமலே, மேலே போய் நின்று நடுங்கியது.

கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். துவைக்கிற பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, "பொய் சொன்னதூஊஊ நாஆஆஆன்" என்று பாடினாள். உருளைக்காரர்கள் இரண்டு பேரும் கட்டைக் குரலில், "பொய் சொன்னதூஊஊ நாஆஆஆன்" என்றார்கள். மடிக்கிற மேஜையில் எட்டுப் பேர். அவர்கள் சேர்ந்து பாடினபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. கடைசியில் லாரிக்காரர் வாசலிலிருந்து தெருவைப் பார்த்தபடி, தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல், தான்தான் பொய் சொன்னதாக ஊருக்கு அறிவித்தார். தன் பொய் கூடம் முழுக்க நடந்துபோய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு குட்டி நின்றாள். ஆறாம் வகுப்பு ஜன்னல்கள் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டீச்சரம்மா அவளைப் பார்த்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளை அடக்கின பார்வை.  

மேஸ்திரி எழுந்தார். சுவரில் இருந்த பெரிய சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மிஷின்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று ஓய்ந்தன. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. ஈரமான பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் வந்து, டீச்சரம்மா முன்னால் நின்றார். இரண்டு விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார்.

"வணக்கங்க" என்றார்.

பாடவில்லை, பேசினார். சின்னக் குரல். பாதி காற்றாகப் போயிற்று. "குட்டி மேல... தப்பில்லீங்க. பொய் சொன்னான்னு நினைக்காதீங்க. அவளை நான்தான் ரொம்பக் கூச்சப்பட வெச்சுட்டேன்."

குட்டி பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"ஏங்க கழுத்துல விரல்? வலிக்குதா?" என்றார் டீச்சரம்மா.

"இல்லீங்க. மெதுவாப் பேசினா எனக்கு என் குரல் கேக்காது. வருதா வரலையான்னே தெரியாது. இங்க விரல் வெச்சா அதிரும். அதிர்ந்தா பேசறேன்னு தெரிஞ்சுக்குவேன்." வெட்கமாகச் சிரித்தார். "அஞ்சு நாளா குளியலறையில பழகிக்கிட்டிருக்கேன். இன்னும் சரியா வரலை. கல்யாணத்துக்குள்ள வந்துடும்."

அவருக்குக் காது மந்தம் என்பது குட்டிக்குத் தெரியும். டிவியை அலறவிடுவார், கூப்பிட்டால் திரும்பமாட்டார். அதற்கும் அவர் பாட்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றினதே இல்லை. தன்னைப் படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் தன் குரல் தனக்கே கேட்க வேண்டும் என்றுதான் பாடிக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா பாட்டிலைச் சுற்றின துணியைச் சரிசெய்தார். பிறகு, "நாங்க வர்றது வர்றதுதாங்க" என்றார் மேஸ்திரியிடம். குட்டியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "உங்கிட்ட நான் தனியாப் பேசணும். இன்னிக்கு இல்ல. இன்னிக்கு நீ உங்கப்பாகூட இரு" என்று சொல்லி, பாட்டிலை மடிக்கிற மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி மகள் பக்கம் திரும்பினார். விரல் இன்னும் தொண்டையில்தான் இருந்தது.

"சரியா இருந்துச்சா குட்டி?" என்று கேட்டார்.

அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சத்தம் அதிகமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் இன்னும் பக்கத்தில் வந்து, இன்னும் மெதுவாகக் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமாம்மா?"